நூற்றிருபதைத் தொடாத நாடி

மாரடைப்பு வந்து ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகு, பெங்களூர் பொம்மசந்திராவில் நான் வேலை பார்த்த கம்பெனி என்னை உள்ளே விடவில்லை. டாக்டர் கடிதம் வேண்டுமாம். டாக்டரோ, "மொதல்ல டெய்லி அரை மணி நேரம் வேகமா நடங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றார். மாதம் தவறாமல் எனக்குச் சளியும் காய்ச்சலும் வந்தன. நடந்தால் இதயத்தோடு நோய் எதிர்ப்புச் சக்திக்கும் நல்லது, அளவு மீறினால் கெடுதல் என்றார். இரண்டாவது பாதியை நான் காதில் வாங்கவில்லை.

நாங்கள் குடியிருக்கும் ஈஜிபுரா தெருவில் பைக்குக்கு ஒதுங்கத்தான் நேரம் சரியாக இருக்கும். அதனால் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றினேன். மருமகன் கொடுத்த வாட்ச், நாடி நூற்றிருபது வேண்டும் என்றது. வியர்த்து ஊற்றியும் தொண்ணூறைத் தாண்டவில்லை. எனக்கு எரிச்சல். ஒரு மணி நேரம் சுற்றினேன். சளிதான் அதிகமானது.

காலையில் போடும் சின்ன மாத்திரை துடிப்பைக் குறைப்பதற்கு என்று மருந்துக்கடையில் சொல்லியிருந்தார்கள். யாரையும் கேட்காமல் அதை நிறுத்தினேன். மூன்றாம் நாள் நூற்று முப்பது வந்தது. நான்காம் நாள் நெஞ்சைப் பிசைந்தது. தொட்டியடியில் உட்கார்ந்துவிட்டேன். மகள்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

ஸ்டென்ட் வைத்தபோது எனக்கு உடற்பயிற்சி சொல்லித்தந்த ஆஸ்பத்திரிப் பெண் மறுநாள் கட்டிலருகே வந்தாள்.

"மாத்திரையை யாரும்மா நிறுத்தச் சொன்னது?"

"நம்பர் வரலியே."

"நம்பர் யார் கேட்டா? நீங்க மாத்திரை சாப்பிடுறது வாட்ச்சுக்குத் தெரியுமா? அதைப் போட்டா துடிப்பு அவ்ளோதான் ஏறும். நடக்கறப்போ பேச முடியணும், பாட முடியக்கூடாது. அதான் அளவு."

"இதை மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"சொன்னேனே! நீங்க போன்ல கம்பெனிக்காரங்களைத் திட்டிட்டிருந்தீங்க."

மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடிதம் இரண்டு மாதம் தள்ளிப்போனது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வாட்ச்சைக் கழற்றி வைத்துவிட்டு, அரை மணி நேரம் மட்டும் நடந்தேன். மகள் கூடவே வந்தாள். வீட்டு ஓனரை மூச்சு வாங்காமல் திட்ட முடிகிற வேகம் எனக்குச் சரியாக இருந்தது. அந்த இரண்டு மாதத்தில் சளி ஒரே தடவைதான் வந்தது. நடையாலா என்று கேட்டேன். "இருக்கலாம், உறுதியா சொல்ல முடியாது" என்றார் டாக்டர். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

கடிதத்தில் 'உட்கார்ந்து செய்யும் வேலை மட்டும்' என்று எழுதியிருந்தார். இதற்குள் நான் நின்றுகொண்டு ஓட்டிவந்த மெஷினை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். என்னை லேபிள் ஒட்ட உட்கார வைத்திருக்கிறார்கள். பிடிக்கவில்லை. ஆனாலும் போய்க்கொண்டிருக்கிறேன்.