ஆமை முட்டையும் தோசை மாவும்

ஓ லெவலோடு படிப்பை விட்டவன் நான். நாலு பேர் இருக்கிற இடத்தில் கதிரையை விட்டு எழும்பவே கூச்சப்படுகிறவன் எழுத வந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். நான் இருக்கிற கிளேட்டனில் எங்கள் ஆட்களில் கலாநிதிப் பட்டம் வாங்கியவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஆமை முட்டையை வீட்டில் குஞ்சு பொரிக்க வைத்ததை அவர்கள் ஒருவரும் எழுதாததால் துணிந்துவிட்டேன்.

ஆமைகள் என்னுடையவை அல்ல. மகள் லைசென்ஸ் எடுத்து வளர்த்த சோடி. சிட்னியில் வேலை கிடைத்துப் போகும்போது, "அப்பா, சாப்பாடு மட்டும் போடுங்கோ. வேறை ஒண்டும் செய்யாதேங்கோ" என்றாள். என் திறமையில் அவ்வளவு நம்பிக்கை. அந்தக் கோடையிலேயே பெண் ஆமை பயற்றங்காய்ப் பாத்தியைக் கிண்டி முதல்முறையாக முட்டையிட்டது. மகள் ஃபோனில் அழாத குறை. "எப்பிடியாவது காப்பாத்துங்கோ அப்பா. பிரட்டிப் போடாதேங்கோ, உள்ளுக்கை குஞ்சு செத்துப் போகும்."

ஒருமுறையாவது அவள் சொன்னதை ஒழுங்காகச் செய்து காட்டிவிட வேண்டும் என்று இருந்தது. மேல்பக்கம் எது என்று தெரிய ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் புள்ளி வைத்தேன். ஈர மணல் தட்டில் அடுக்கி, மீன்கடையில் கேட்டு வாங்கிய ரெஜிபோம் நுரைப் பெட்டிக்குள் வைத்து, இருபத்தெட்டு டிகிரியில் சூடு கொடுத்தேன்.

அப்போது மனைவியின் அக்கா, எனக்கு மச்சாள் முறை, எங்களோடு தங்கியிருந்தார். "வீட்டுக்குள்ளை ஆமை கூடாது தம்பி. இதிலை பொட்டும் வைச்சுக் கும்பிடுறியளோ?" என்பார். நான் சிரிப்பேன்.

குளிர் தொடங்கியதும் தோசை மாவு புளிக்க மறுத்தது. ஒருநாள் வேலையால் வந்து பார்த்தால், முட்டைத் தட்டு குசினியில் சமையல் மேசையில் இருக்கிறது. பெட்டிக்குள் மாச்சட்டி.

"காலமை வைச்சனான், பாருங்கோ என்னமாப் பொங்கியிருக்குது!" என்றார் மச்சாள். "உங்கடை முட்டையளை ஆட்டாமல்தான் எடுத்தனான்."

புள்ளிகள் மேலேதான் இருந்தன. ஆனால் முட்டைகள் சில்லிட்டுக் கிடந்தன. 'இனி இப்படிச் செய்யாதேங்கோ மச்சாள்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சம்பலுக்குத் தேங்காய் துருவித் தரட்டோ?" என்று வந்தது.

மறுநாள் மீன்கடைக்குப் போய், தட்டும் சட்டியும் ஒன்றாகக் கொள்ளக்கூடிய பெரிய பெட்டியாக வாங்கி வந்தேன். மச்சாளிடம் 'வேண்டாம்' என்பதைவிட அது சுலபம். குளிர் பட்ட கதையை மகளுக்குச் சொல்லவில்லை. உள்ளே உயிர் இருக்கிறதா என்று தெரியாமல், மாவு பார்ப்பதுபோல அடிக்கடி மூடியைத் திறந்தேன். தோசையில் எனக்கு அத்தனை ஆசை என்று நினைத்த மச்சாள், என் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் இரண்டு போட்டார்.

ஒரு ஞாயிறு காலை குசினியில் கூச்சல். "ஓடி வாங்கோ தம்பி! ஒண்டு மூக்கை நீட்டுது!" சட்டியை எடுக்கப் போனவர், அதை மறந்து பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். பின்னேரத்துக்குள் இரண்டைத் தவிர மற்ற முட்டைகள் எல்லாம் பொரித்துவிட்டன.

வீடியோவில் பார்த்த மகள், "அப்பா, யூ டிட் இட்!" என்று அழுதாள்.

"உன்ரை கொப்பர் என்ன செய்தவர்? ஒவ்வொரு நாளும் திறந்து பாத்தது நான்" என்றார் மச்சாள்.

நான் "ஓம்" என்றேன்.

அடுத்த நாள், குஞ்சுகள் கிடக்கிற பெட்டிக்குள் சட்டி வைக்க மாட்டேன் என்று மச்சாள் சொல்லிவிட்டார். மாவு புளிக்கவில்லை. தோசைக்குப் பதிலாகப் பாண் துண்டுகளை வாட்டிச் சாப்பிட்டோம்.