வெண்டிலேட்டருக்கு இடம் விட்ட ஜெயம்மாள்

ஜெயம்மாளின் கை உடைந்தது 2024 ஜூன் 12, புதன்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் போகும் சாலையோரம் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் சாரத்தில் கால் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தார். சங்கராபுரத்தில் எங்களுக்கு எதிர்வீடு. அப்போது வயது நாற்பத்து மூன்று. அதில் இருபத்திரண்டு வருடம் சித்தாள் வேலை. இரண்டிரண்டு செங்கல்லாக அவர் மேலே வீசினால் கொத்தனார் ராமசாமி கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கலாம் என்பார்கள்.

ஜூலை 24 அன்று மாவுக்கட்டைப் பிரித்தார்கள். எலும்பு கூடிவிட்டது, விரல்கள் மடங்கவில்லை. அன்று மாலை அடிக்கோல் வைத்து அளந்தோம். சுட்டுவிரல் நுனி உள்ளங்கையைத் தொட ஐந்து சென்டிமீட்டர் இரண்டு மில்லிமீட்டர் பாக்கி. கை மூடாவிட்டால் கல்லைப் பிடிக்க முடியாது, கலவைச் சட்டியைத் தூக்க முடியாது. ராமசாமி தீபாவளி வரை அவர் இடத்துக்கு வேறு ஆள் நிரந்தரமாக வைப்பதில்லை என்று சொல்லியிருந்தார். அதற்கு மேல் அவராலும் முடியாது.

ஒவ்வொரு விரலாக அழுத்திப் பழக வேண்டும் என்று டாக்டர் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். ஜெயம்மாள் நான்காம் நாளே அதை மாட்டுக்கொட்டகைக் கூரைமேல் எறிந்துவிட்டார். சும்மா உட்கார்ந்து பந்தைப் பிசைவது ஒரு வேலையா என்பது அவருடைய கேள்வி.

கணவர் வேடியப்பன் சென்ட்ரிங் ஆள். தளம் போடும் முன் கீழே பலகை அடித்து முட்டுக் கொடுப்பதும், கான்கிரீட் இறுகியதும் அதைப் பிரிப்பதும் அவர் தொழில். பந்து கூரைக்குப் போன வாரம் கள்ளக்குறிச்சியில் ஒரு துணிக்கடையின் மாடியில் ஒரு மெஷினைப் பார்த்தார். ஆளுயரப் பெட்டி, மேலே திரை, கீழே ஒரு குச்சியும் வண்ணப் பொத்தான்களும். பழைய காலத்து வீடியோ கேம். புடவை எடுக்க வந்த ஒரு பெரிய மனிதர் குடும்பத்தை மறந்துவிட்டுப் பொத்தானைத் தட்டிக்கொண்டிருந்தாராம். வேடியப்பன் விலையை விசாரித்தார். பிறகு பஸ் ஏறி வீட்டுக்கு வந்து பலகை அறுக்கத் தொடங்கிவிட்டார்.

பெட்டிக்குப் பழைய சென்ட்ரிங் பலகை, பன்னிரண்டு மில்லிமீட்டர். உயரம் நான்கடி இரண்டங்குலம். பொத்தான் பலகை மட்டும் ஜெயம்மாளின் முழங்கை உயரத்துக்கு அளந்து வைத்தது. திரை, மூடிப்போன கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றின் பதினேழு அங்குல மானிட்டர். உள்ளே, சீட்டுக்கட்டு அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு. அதைப் பழையதாகப் பிடித்துக் கொடுத்து, ஆட்டங்களை ஏற்றி, ஒயர் இணைத்தவர் பஸ் ஸ்டாண்டில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பிரவீன்குமார். குச்சியும் பொத்தான்களும் போனில் ஆர்டர் போட்டு வந்தன. எல்லாம் சேர்த்து 5,860 ரூபாய். சிவப்புப் பெயிண்ட் அதில் சேர்ந்தது, ஆனால் வீண். கான்கிரீட் ஒட்டாமலிருக்க ஆண்டுக்கணக்கில் ஆயில் தடவிய பலகையில் பெயிண்டும் ஒட்டவில்லை. அது மறுநாளே தோலாக உரிந்து வந்தது.

குச்சியை இடப்பக்கம் வைத்தது யோசித்துச் செய்த காரியம். இடது கை அதிலேயே மாட்டிக்கொள்ளும். வலது கைக்கு உதவிக்கு வர முடியாது. திரையில் விழும் கல்லை வலமாகத் திருப்ப சுட்டுவிரல், இறக்க நடுவிரல், இடமாகத் திருப்ப மோதிர விரல், தோற்றால் மறுபடி தொடங்கச் சுண்டுவிரல்.

ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடியது. ஜெயம்மாள் தேர்ந்தெடுத்தது மேலேயிருந்து கற்கள் விழும் ஆட்டம். விழுகிற கல்லைத் திருப்பித் திருப்பி இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை முழுவதும் நிறைந்தால் அது மறைந்துவிடும். கல் குவிந்து உச்சியைத் தொட்டால் தோல்வி.

முதல் வரிசையை அழகாக நிறைத்தார். வரிசை மறைந்தது. ஜெயம்மாள் கையை எடுத்துவிட்டார்.

"இன்னாய்யா இது? கட்டன செவுரு காணாமப் போவுது. இதுக்கு எவன் கூலி குடுப்பான்?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கல் அளவு இடம் விட்டார். சுவர் நின்றது, உயர்ந்தது, உச்சியைத் தொட்டது, ஆட்டம் முடிந்தது. ஏன் அங்கே ஓட்டை என்று வேடியப்பன் கேட்டதற்கு, காற்று வர வெண்டிலேட்டருக்கு இடம் விட்டிருப்பதாகப் பதில் வந்தது. முதல் வாரத்தில் அதிகம் வேலை செய்தது சுண்டுவிரல்தான். ஒரு நாளில் முப்பத்தொரு முறை தோற்றார். சுட்டுவிரலுக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. ஆட்டம் உடனுக்குடன் முடிந்துபோனதே காரணம். ஏழாம் நாள் பந்தைப் போல இதையும் கூரைமேல் ஏற்றச் சொன்னார்.

வேடியப்பன் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஜெயா, இது செவுரு இல்ல. சென்ட்ரிங். நெறஞ்சா பிரிச்சுடணும். பிரிக்கலன்னாதான் தப்பு."

ஜெயம்மாள் கணவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒன் வேலையா? அதான் ஒண்ணும் நிக்க மாட்டேங்குது."

அந்த ஆட்டத்தில் பதினாறு வரிசை பிரித்தார். செப்டம்பர் முதல் வாரத்தில் நாற்பது. ஆட்டம் வேகமெடுக்கும் இடங்களில் மூன்று விரலும் ஒன்றையொன்று முந்தின. கரன்ட் போனால் மின்வாரியத்தின் ஏழு தலைமுறையையும் விசாரித்தார். செப்டம்பர் 8 அன்று பாக்கி இரண்டு சென்டிமீட்டர் ஆறு மில்லிமீட்டர். 22 அன்று ஒரு சென்டிமீட்டர் ஒரு மில்லிமீட்டர். பிறகு அங்கேயே நின்றுவிட்டது. பத்து நாள் அடிக்கோல் அதே கோட்டைக் காட்டியது. தீபாவளிக்கு இருந்ததோ நான்கு வாரம்தான். அதற்குப் பிறகு ஜெயம்மாள் அளக்கக் கையை நீட்டுவதையே விட்டுவிட்டார். ஆட்டத்தை விடவில்லை.

அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு நாற்பது. திரையில் தொண்ணூற்றெட்டு வரிசை. நூறு அடித்தால் இரவுச் சமையல் தன்னுடையது என்று வேடியப்பன் காலையில் வாய்விட்டிருந்தார். தொண்ணூற்றொன்பதாவது வரிசைக்கு நீளக் கல் ஒன்று இறங்கியது. வேடியப்பன் பின்னாலிருந்து ஒரு விரலை நீட்டிக் குச்சியை லேசாகத் தட்டினார். கல் தவறான இடத்தில் விழுந்து, மேல்வரை அடைத்து, ஆட்டம் முடிந்தது.

ஜெயம்மாள் திரும்பிய வேகத்தில் கணவரின் உச்சந்தலையில் நறுக்கென்று ஒரு குட்டு விழுந்தது. வலது கைக் குட்டு.

குட்ட வேண்டுமென்றால் நான்கு விரலும் மடங்க வேண்டும். ஜெயம்மாள் கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்து பார்த்தார். முஷ்டி மூடியிருந்தது. நகங்கள் உள்ளங்கையில் பதிந்திருந்தன. அடிக்கோலை வைக்க இடமில்லை.

வேடியப்பன் தலையைத் தேய்த்துக்கொண்டே மறுபக்கத்தைக் காட்டினார்.

"இங்க ஒண்ணு குடு. நெசமான்னு பாக்கலாம்."

கொடுத்தார்.