மணிகளுக்குப் பளபளப்பு வந்த வருடம்

என் கணவரின் தங்கை பினாங்கில் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். எண்பதுகளின் நடுவில் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து நிறையப் பெண்பிள்ளைகள் அப்படிப் போனார்கள். தீபாவளி லீவுக்கு மற்றவர்கள் சேலையும் பவுடரும் கொண்டுவருவார்கள். இவள் ஒரு வருடம் சோப்புக்கட்டி அளவில் வண்ண வண்ணக் களிமண் கட்டிகளைக் கொண்டுவந்து என் மடியில் கொட்டினாள்.

"இது மண்ணு இல்ல அண்ணி, பிளாஸ்டிக். பிசைஞ்சு மணி உருட்டி அவன்ல வெச்சா கெட்டியாயிடும்."

"எவன்ல?" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் என் கணவர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். ஓவன் என்று சொல்கிறாள் என்று அவர்தான் விளக்கினார்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரிடமும் ஓவன் கிடையாது. பக்கத்து மலை டவுனான தானா ராத்தாவில் ஒரு தங்கும் விடுதிக்காரர்கள் தூக்கிப்போட வைத்திருந்த சின்ன மின்சார அடுப்பு ஒன்றைக் கேட்டு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அதை வீட்டுப் பின்பக்கம், தகரக் கூரைக்குக் கீழே வைத்தோம். சாப்பாட்டுச் சாமான் எதையும் அதில் வைத்ததில்லை. அந்தப் பிளாஸ்டிக் கொஞ்சம் கருகினாலும் தொண்டையைப் பிடிக்கும் புகை வரும் என்று தங்கை எச்சரித்திருந்தாள். முதல் தடவையே கருகவிட்டு, அது எப்படிப்பட்ட புகை என்று தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஊர்க் குளிரில் அந்தக் கட்டிகள் கல் மாதிரி இருக்கும். அதனால் காலையில் கொழுந்து எடுக்கப் போகும்போது ஒரு கட்டியைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஸ்வெட்டருக்குள் இடுப்பில் செருகிக்கொள்வேன். வேலை முடிந்து வரும்போது உடம்புச் சூட்டில் சப்பாத்தி மாவுப் பதத்துக்கு வந்திருக்கும். பசியாறிவிட்டு உட்கார்ந்தால் இருட்டும் வரை உருட்டுவேன். பச்சையில் வெள்ளைப் புள்ளி, மஞ்சளில் சிவப்புச் சுழி, கோலத்தில் போடுகிற எட்டிதழ்ப் பூ. எனக்கு அதில் என்ன அவ்வளவு சந்தோஷம் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. நாளெல்லாம் பச்சையையே பார்த்த கண்ணுக்கு அது தேவையாக இருந்ததோ என்னவோ.

ஒரு கோப்பை நிறைய மணி சேர்ந்ததும் தானா ராத்தாவுக்குக் கொண்டுபோனேன். வளையல், தொப்பி, சுற்றுலாக்காரர்களுக்கான பொம்மை எல்லாம் விற்கும் ஒரு தமிழ் முஸ்லிம் கடை அங்கே இருந்தது. கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒரு மணியை டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"டிசைன் நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. ஆனா ஒங் கைரேகை பூரா இதுல இருக்கே. இத கடையில விக்கவா, போலீஸ் டேசன்ல குடுக்கவா?"

எனக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

"கோவிச்சிக்காத. ஷைன் இல்ல லா. அவிச்ச பட்டாணி மாதிரி இருக்கு. ஷைன் கொண்டா, நான் எடுத்துக்கிறேன்."

மோட்டார் பட்டறையில் காருக்குப் பெயிண்ட் அடிக்கும் முன் தேய்ப்பார்களே, தண்ணீரில் நனைக்கிற கறுப்பு உப்புத்தாள், அதை வாங்கிவந்து பேசினில் தண்ணீர் வைத்துத் தேய்த்தேன். கைரேகை போனது. பளபளப்பு வரவில்லை. துணியால் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி மரத்துப்போனதுதான் மிச்சம். பொங்கலுக்கு வந்த தங்கையிடம் புலம்பினேன். அடுத்த முறை வந்தபோது அவள் ஒரு சின்ன மெஷினோடு வந்தாள். மரவள்ளிக்கிழங்குத் துண்டு அளவுதான் இருக்கும். பிளக்கைச் செருகினால் நுனியில் மாட்டியிருக்கிற துணிச்சக்கரம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றும்.

"இதுல ஒரு நிமிஷம் காட்டுனா போதும் அண்ணி, கண்ணாடி மாதிரி ஆயிடும்" என்று அவள் சுவிட்சைத் தட்டினாள். வீய்ங் என்று சத்தம் எழுந்தது. சோற்றில் கை வைத்திருந்த என் கணவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

தங்கைக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

அவர் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்தவர். கொழுந்தைச் சுருட்டும் மெஷின்களைப் பார்த்துக்கொண்டவர். இரண்டு வருடம் முன்பு ஒரு நாள் அவருடைய ஸ்வெட்டர் கையை ஓடிக்கொண்டிருந்த பெல்ட் இழுத்துவிட்டது. வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போனது. ஈப்போ ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவராகவே கேட்டு, தேயிலைப் பெட்டி அடைக்கிற ஸ்டோருக்கு மாறிக்கொண்டார். சம்பவத்தைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் பக்கத்து வீட்டில் மிக்சி ஓடினால் சிகரெட் பிடிக்கப் போவதுபோல வெளியே போய்விடுவார். சில நேரம் கையில் சிகரெட்டே இருக்காது.

அதனால் அந்த மெஷினை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அவர் வேலையில் இருக்கும்போது மட்டும் எடுப்பேன். எப்படிப் பிடிப்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை. இடது கையில் மெஷின், வலது கை இரண்டு விரலுக்கு நடுவில் மணி. பாதி மணிகள் பறந்து எங்கேயோ போயின. ஒன்று சாமி படத்துக் கண்ணாடியைக் கீறியது. வெள்ளை மணி ஒன்றை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்ததில் சூடேறி, இழுபட்டு, பழுப்புக் கோடு விழுந்தது. ஆனாலும் நடுவில் ஒன்றிரண்டு சரியாக வந்துவிடும். வாயில் போட்டுச் சப்பி எடுத்த மிட்டாய் மாதிரி மின்னும். அந்த ஒன்றிரண்டுக்காகத்தான் மறுநாளும் எடுப்பேன்.

ஒரு மத்தியானம் மழையில் லோரி வராததால் ஸ்டோரில் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. அது எனக்குத் தெரியாது. குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மேஜைமேல் குனிந்திருந்தேன். கைப்பக்கம் கம்பளி நூல் ஒன்று பிரிந்து தொங்கியிருக்கிறது. சக்கரம் அதைப் பிடித்தது. நான் கையை இழுப்பதற்குள் மெஷின் துள்ளி என் மணிக்கட்டின்மேல் ஏறியது. விடவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை. தலையைத் தூக்கினால் கதவருகே அவர் நின்றுகொண்டிருந்தார். நனைந்த சட்டையோடு, அசையாமல், என் கையையே பார்த்துக்கொண்டு.

"என்னங்க!" என்று கத்தினேன்.

அவர் ஒரே எட்டில் வந்து பிளக்கைப் பிடுங்கினார்.

மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது, அவ்வளவுதான். கத்தரிக்கோலை எடுத்து, மெஷினில் சுற்றியிருந்த நூலை அவரே வெட்டினார். பிறகு சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தேன். பாதி குடித்த பிறகு, கேட்காமலே சொன்னார்.

"அன்னைக்கு வலியே தெரியல. யாரோ கையப் புடிச்சு வா வான்னு கூப்புடற மாதிரி இருந்துச்சு. அதான் பயம். இழுத்தா நாம போயிடுவோம்னு தெரிஞ்சு போச்சு பாரு, அதான்."

இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அதைப் பற்றிப் பேசினார்.

"தங்கச்சி வந்தா இத திருப்பிக் குடுத்துடறேங்க" என்றேன்.

அவர் மேஜையில் கிடந்த மணியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது நீ செஞ்சதா?" என்றார். அத்தனை நாளும் நான் உருட்டுவதைப் பார்த்தவர்தான். ஆனாலும் அப்படிக் கேட்டார்.

மறுநாள் தொழிற்சாலைப் பட்டறையில் கேட்டு ஒரு இரும்புப் பிடிப்பான் கொண்டுவந்தார். மேஜை விளிம்பில் திருகி மாட்டுகிற வகை. மெஷினைத் துணி சுற்றி அதில் இறுக்கினார். பிளக்கைத் தன் கண்ணெதிரே மேஜைமேல் எடுத்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்தார். ஒரு பிஸ்கட் டின்னை வெட்டி, ஓரங்களை மடித்துத் தட்டி, சக்கரத்தின் மேல்பாதிக்கு ஒரு மூடி போட்டார். சக்கரத்தை விரலால் மெதுவாகச் சுற்றி என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு. மேல உன் பக்கம் வருது. கீழ உன்ன விட்டுப் போவுது. மணிய எப்பவும் கீழ்ப்பக்கம் காட்டு. புடுங்குனாலும் அந்தப் பக்கம் போவும், உன் மூஞ்சிக்கு வராது."

"புடுங்குமா?"

"புடுங்காத மெஷின் எது?"

சக்கரத்துக்குப் பின்னால் பழைய கம்பளியை ஒரு பெட்டிக்குள் மடித்து வைத்தார், பறக்கிற மணி அதில் விழட்டும் என்று. மணியை விரலால் பிடிக்கவே விடவில்லை. மூங்கில் குச்சிகளைச் சீவி, ஒரு முனை மெல்லிசாகவும் மறுமுனை தடிப்பாகவும் செய்துகொடுத்தார். மணியைச் செருகித் தள்ளினால் இறுகி நிற்கும். நூலில் கோத்த மணியைச் சக்கரத்துக்கிட்டே கொண்டுவரவே கூடாது என்றார்.

பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஸ்வெட்டரக் கழட்டு."

"குளுருதுங்க."

"குளுரட்டும். பின்னல மேல தூக்கிக் கட்டு. வளையலக் கழட்டு. தாலிய ஜாக்கெட்டுக்குள்ள போட்டுக்க."

தாலிக்கொடி! குனியும்போதெல்லாம் அது சக்கரத்துக்கு மேலேதான் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. அவசரமாக அதை உள்ளே தள்ளிக்கொண்டேன்.

கண்ணுக்கு அவர் மோட்டார் சைக்கிள் ஓட்டும் கண்ணாடி. துணிச்சக்கரத்திலிருந்து பஞ்சுத்தூள் பறக்கும் என்பதால் மூக்குக்கு ஒரு கைக்குட்டை. உப்புத்தாள் வேலை எல்லாம் எப்போதும்போல் தண்ணீருக்குள்தான், தூள் எழும்பக் கூடாது. இந்தக் கோலத்தில் நான் உட்கார்ந்திருந்தபோது சீனி கேட்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா "ஐயோ திருடன்!" என்று அலறிவிட்டாள். கைக்குட்டையை இறக்கிக் காட்டிய பிறகும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டே நின்றாள்.

முதல் நாள் "நீ போடு" என்று சொல்லிவிட்டு அவர் வாசலில் போய் நின்றார். சத்தம் எழுந்ததும் அவர் முதுகு இறுகுவது தெரிந்தது. ஆனால் போகவில்லை. நான் மெஷினிலிருந்த வேகத் திருகைத் திருப்பி வேகத்தைக் குறைத்து, மணியை லேசாகத் தொட்டுத் தொட்டு எடுத்தேன். அழுத்தாமல், ஒரே இடத்தில் நிறுத்தாமல். சில நாளில் அவர் கதவிலிருந்து உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தார். பிறகு பிளக் பக்கத்தில் உட்கார்ந்து, குச்சியில் மணி மாட்டிக் கொடுக்கத் தொடங்கினார். நான் சத்தம் எழுப்பும் முன் ஒவ்வொரு தடவையும் "போடவா?" என்று கேட்பேன். அவர் "ம்" என்பார். அந்த "ம்" வராமல் நான் சுவிட்சைத் தொட்டதில்லை.

பிறகொரு ஞாயிற்றுக்கிழமை நான் துணி துவைத்துவிட்டு வருகிறேன், உள்ளே மெஷின் ஓடுகிறது. சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். குச்சியை அந்தக் குறைவிரல் கையால்தான் பிடித்திருந்தார். எனக்குச் சத்தம் போட்டுக் கூப்பிடக்கூட பயம். ஈரத்துணியோடு கதவருகிலேயே நின்றேன். அவர் மெஷினை நிறுத்தினார், சக்கரம் முழுக்க நிற்கும் வரை காத்திருந்தார், பிளக்கை எடுத்தார். மணியைச் சட்டையில் துடைத்து நீட்டினார். கருநீலத்தில் வெள்ளைப் புள்ளி வைத்த மணி. ஜன்னல் அதில் குட்டியாகத் தெரிந்தது.

"உன்னோடதவிட நல்லா வந்திருக்கு" என்றார். உண்மைதான்.

பாய் கடைக்கு இருவரும் சேர்ந்தே போனோம். பாய் மணிகளை உள்ளங்கையில் கொட்டி உருட்டிக்கொண்டே இருந்தார். "வார்னிஷா?" என்று கேட்டார். இல்லை, வெறும் துணிதான் என்றேன். நம்பாமல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்த கீச்செயின்களை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் எங்கள் மணிச்சரங்களைத் தொங்கவிட்டார். பள்ளி விடுமுறையில் மலைக்குக் கூட்டம் வந்ததும் இன்னும் வேண்டும், சீக்கிரம் வேண்டும் என்று ஆள் அனுப்பினார். என் கணவர் அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"களைச்ச கைய மெஷின் பக்கம் கொண்டு போவக் கூடாது. பாய் வெயிட் பண்ணட்டும்."

பாய் முணுமுணுத்தார், காத்திருந்தார்.

அந்த வருடக் கடைசியில் தொழிற்சாலையில் பிட்டர் வேலை காலியானது. தோட்டத்து நிர்வாகி துரை இவரைக் கூப்பிட்டுக் கேட்டார். எங்கள் துரை அப்போது உள்நாட்டுக்காரர்தான், ஆனாலும் பதவிக்கு அதுதான் பெயர். இவர் உடனே சரி என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அட்டையை வெட்டி, கம்பியை வளைத்து, சுருட்டும் மெஷின் பெல்ட்டுக்கு ஒரு கூண்டு மாதிரி செய்தார். அதைக் கையில் எடுத்துக்கொண்டு மறுநாள் ஆபீசுக்குப் போனார்.

"என்ன சொன்னீங்க?" என்று சாயங்காலம் கேட்டேன்.

"எல்லா பெல்ட்டுக்கும் இத மாதிரி போட்டுக் குடுங்க, நான் மெஷினுக்குத் திரும்பி வர்றேன்னு சொன்னேன்."

"அவரு?"

"நீயே போடுன்னுட்டாரு லா."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். கூண்டு எல்லாம் போட்டு முடிய மழைக்காலம் ஓடிவிட்டது. அதன்பிறகுதான் மெஷின் பக்கம் வேலைக்குப் போனார்.

அதற்குள் எங்கள் லயத்திலேயே இரண்டு பெண்கள் மணி செய்ய வந்துவிட்டார்கள். ஒருத்தி, என்னைத் திருடன் என்று அலறிய அதே அக்கா. மேஜை போதவில்லை. இவர் பழைய தேயிலைப் பெட்டிப் பலகைகளை அடித்துப் பெரிதாக ஒன்று செய்தார். செய்து முடித்த பிறகுதான், அது வாசலுக்குள் நுழையாது என்று தெரிந்தது. நான் உள்ளேயிருந்து இழுக்க, மற்ற மூவரும் வெளியேயிருந்து தள்ள, சாய்த்தும் திருப்பியும் பார்த்தோம். அக்கா சிரித்ததில் பிடியை விட்டுவிட, மேஜை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. நான் உள்ளே, மற்றவர்கள் வெளியே.

"நீ உள்ள உக்காந்து மணி உருட்டு, நாங்க இப்படியே வெளியில இருந்து செய்றோம்" என்றாள் அக்கா. அவர் மேஜைக் கால்களை அறுப்பதற்கு ரம்பம் தேடிக்கொண்டு போனார்.