அத்தா சொன்ன சீனா

இரண்டு வருடங்களுக்கு முன், சம்பாவுக்கு நாற்று விட்டிருந்த நேரம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், தம்பி வீட்டுக் கூடத்தில், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட்டு எழுந்த கையோடு இது ஆரம்பித்தது. நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். எதற்கும் ஒரு விடை உண்டு, அந்த விடை என்னிடம் உண்டு என்று நினைக்கிற ரகம். அந்த நினைப்பு இப்போது எனக்குப் பாதிதான் மிச்சம் இருக்கிறது.

தம்பி வளைகுடாவில் வேலை பார்க்கிறான். விடுமுறைக்கு வந்திருந்தான். அவன் மகளுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. தெருவில் யார் வீட்டு ஆட்டுக்கு வயிறு உப்பினாலும் இந்தப் பெண்ணைத்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கு இதைவிடப் பொருத்தமான படிப்பு கிடையாது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் இடம் போய்விடும்.

ஆனால் தம்பி வரும்போதே வேறொன்றை முடிவு செய்துவிட்டு வந்திருந்தான். தன்னோடு வேலை பார்க்கும் சிநேகிதரின் மகனுக்குப் பெண் கொடுப்பதாகப் பேசிவிட்டானாம். விடுமுறை முடிவதற்குள் நிக்காஹ். படிப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமாம். எனக்கு உச்சந்தலையில் சூடேறியது. நானும் அவனும் கத்திக்கொண்டிருக்க, அந்தப் பெண் வாசற்படியில் உட்கார்ந்து, கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு வாயே திறக்கவில்லை.

நான் என் பெரிய ஆயுதத்தை எடுத்தேன். அது எங்கள் அத்தா, அதாவது அப்பா, விட்டுப்போன ஆயுதம்.

எங்கள் அத்தா சாக்கு வியாபாரி. அறுவடைக் காலத்தில் நெல் பிடிக்கப் பழைய சாக்குகளைக் கிழிசல் தைத்து விற்பார். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் மன்னார்குடிக்கு பஸ்ஸில் அனுப்பிக் கல்லூரியில் சேர்த்தார். எங்கள் தெருவில் இருந்து அப்படிப் போன முதல் பெண் நான்தான். தெருப் பெரியவர்கள் வீட்டுக்கு வந்து, வயசுப் பெண்ணை இப்படி பஸ் ஏற்றலாமா என்று கேட்டார்கள். அத்தா அவர்களுக்கு டீ கொடுத்துவிட்டு, "சீனாவுக்குப் போயாவது கல்வியத் தேடுங்கன்னு நபிகள் நாயகம் சொல்லியிருக்காங்கன்னு நாகூர்ல ஒரு ஹஜ்ரத் பயான் பேசும்போது கேட்டேங்க. நம்ம பஸ்ஸு சீனாவுக்கெல்லாம் போறதில்ல, மன்னார்குடியோட நின்னுடும்" என்றார். வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். என் பட்டம், என் வேலை எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தால் வந்தவை என்றுதான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

அதையே தம்பியிடம் சொன்னேன். அவன் கோபப்பட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். ரொம்பச் சாந்தமாகச் சொன்னான்.

"அக்கா, அது ஸஹீஹான ஹதீஸ் இல்லக்கா."

நபிகள் நாயகத்தின் சொல், செயல் இவற்றைப் பற்றி வழிவழியாக வந்த செய்தியைத்தான் ஹதீஸ் என்கிறோம். எல்லா ஹதீஸுக்கும் தரம் உண்டு, நம்பகமானது உண்டு, பலவீனமானது உண்டு, யாரோ கட்டிவிட்டதும் உண்டு என்று தம்பி விளக்கினான். வேலை முடிந்து வந்து வருடக்கணக்காக ஆன்லைனில் பாடம் கேட்கிறானாம். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை.

"அப்ப அத்தா பொய் சொன்னாங்களா?"

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படி?"

நபி சொல்லாததை நபி சொன்னதாகச் சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்று சின்ன வயதிலேயே ஓதிக் கொடுத்திருக்கிறார்கள். அத்தா இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. எனக்காகச் சொன்ன ஒரு வார்த்தைக்கு அவர் அங்கே பதில் சொல்ல வேண்டி வருமா? கணக்கில் முதல் வரி தப்பானால் கீழே எல்லாமே தப்பு என்று கரும்பலகையில் தட்டித் தட்டிச் சொல்கிறவள் நான். என் முதல் வரியே தப்பா? தம்பி மகளின் படிப்புக்காகச் சண்டை போடப் போனவள், என் படிப்பே சரிதானா என்ற குழப்பத்தோடு வீடு திரும்பினேன்.

மறுநாள் சனிக்கிழமை, தம்பி மகளையும் அழைத்துக்கொண்டு பக்கத்து ஊர்ப் பெண்கள் மதரஸாவுக்குப் போனேன். அங்கே பாடம் நடத்தும் ஆலிமா, மார்க்கக் கல்வியில் பட்டம் வாங்கியவள். ஒரு காலத்தில் என் வகுப்பில் பின்ன எண்களோடு மல்லுக்கட்டிய பெண். பிள்ளைகள் மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கி ஜன்னலோரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாங்க டீச்சர்" என்று பழைய பயத்தோடு எழுந்தாள். தம்பியை ஜெயிக்க எனக்கு இவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்காகத்தான் போனேன்.

நடந்ததைச் சொன்னேன். அவள் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

"தம்பி சொன்னது சரிதான் டீச்சர். ரொம்பப் பலவீனம்னு சில அறிஞர்கள் சொல்றாங்க. சில பேரு இட்டுக்கட்டினதுன்னே சொல்லிட்டாங்க."

"ரெண்டுல எது?"

"ரெண்டு கருத்தும் இருக்கு."

ஒரே கணக்குக்கு இரண்டு விடை! என் முகம் போன போக்கைப் பார்த்து அவள் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். ஒரு செய்தியைச் சொல்கிறவர் அதை யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்று நபிகள் நாயகம் வரை ஒரு சங்கிலி இருக்கும். அறிஞர்கள் ஒவ்வொரு கண்ணியையும் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஆள் நேர்மையானவரா, ஞாபகசக்தி எப்படி, கேட்டதாகச் சொல்கிறவரை உண்மையிலேயே சந்தித்தாரா? எல்லாம் உறுதியாக இருந்தால் ஸஹீஹ். ஞாபகசக்தி கொஞ்சம் குறைவு, மற்றபடி சரி என்றால் ஹஸன். எங்கேயோ அறுந்திருக்கிறது, அல்லது ஒருவர் தேறவில்லை என்றால் ளயீஃப். பொய்யன் ஒருவன் கட்டிவிட்டது மவ்ளூஃ.

"அப்ப ளயீஃப்னா நபி சொல்லலைன்னு அர்த்தமா?"

"சொன்னாங்கன்னு உறுதியாச் சொல்ல முடியலைன்னு அர்த்தம்."

"சொல்லியும் இருக்கலாமா?"

"அதுவும் நமக்குத் தெரியாது டீச்சர்."

தெரியாது என்பதற்கு ஒரு தனி இடம் ஒதுக்கிப் பெயரும் வைத்திருக்கிறார்களே என்று எரிச்சலாகக்கூட இருந்தது. நான் வந்த விஷயத்தை விட்டுவிட்டு, மனசில் கிடந்ததைக் கேட்டேன். எங்கள் அத்தா பாவம் செய்தாரா?

அவள் என்னையே திருப்பிக் கேட்டாள். "அத்தா அத எங்க கேட்டதாச் சொன்னாங்க?"

"நாகூர்ல, ஒரு ஹஜ்ரத் பயான்ல. எப்ப சொன்னாலும் அதையும் சேத்துத்தான் சொல்லுவாங்க."

"பொய் பேசுவாங்களா?"

"எங்க அத்தாவா? சாக்குல ஓட்டை எங்க இருக்குன்னு வாங்க வந்தவங்களுக்கு அவங்களே காட்டுவாங்க."

"ஞாபகசக்தி?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தாவின் ஞாபகசக்தி ஊரறிந்தது. சந்தையில் சைக்கிளை விட்டுவிட்டு பஸ்ஸில் வந்துவிடுவார். சைக்கிள் திருட்டுப் போய்விட்டது என்று வீட்டில் ஒரே புலம்பலாக இருக்கும். என்னைத் தம்பி பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், தம்பியை என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அதைச் சொன்னேன்.

அவளும் சிரித்தாள். "அப்ப அத்தா இந்தச் சங்கிலியில இருந்திருந்தா, அறிஞர்கள் என்ன எழுதியிருப்பாங்க தெரியுமா? நல்ல மனுஷர், நேர்மையானவர், ஆனா ஞாபகசக்தி பலவீனம். அவ்வளவுதான். அப்படிப்பட்ட நல்லவங்க நிறைய பேரு இருக்காங்க டீச்சர். வேணும்னே பொய் சொல்றதுதான் பாவம். அத்தா, கேட்டத நம்பி, கேட்ட இடத்தையும் சேத்துச் சொல்லியிருக்காங்க. மிச்சத்த அல்லாஹ்தான் அறிவான்."

அங்கேயே அழுதுவிட்டேன். மாணவி முன்னால் டீச்சர் அழுவது அழகா என்றெல்லாம் தோன்றவில்லை. அவள் ஜன்னலில் இருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். எந்தப் பிள்ளையுடையதோ, குடித்தேன். பிறகு இன்னொன்றும் சொன்னாள். கல்வியைத் தேடுவது ஒவ்வொரு முஸ்லிமின் மீதும் கடமை என்று ஒரு ஹதீஸ் உண்டு. அது பல வழிகளில் வந்திருக்கிறது. ஒவ்வொரு வழியிலும் ஏதோ குறை இருந்தாலும் எல்லாம் சேர்ந்து ஒன்றை ஒன்று தாங்குவதால் ஹஸன் என்று பலர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். கிளம்பும்போது தம்பி மகள் அவளிடம் தனியாக ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்ததால் என்ன என்று கவனிக்கவில்லை.

தம்பி வீட்டுக்குத் திரும்பியபோது அவன் நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, காலில் சேறோடு வந்து நின்றான். நான் தோற்றதை முதலில் சொல்லிவிட்டேன். "நீ சொன்னதுதான் சரி. சீனா ஹதீஸ் தேறல. ஆனா கல்வி கடமைங்கறது தேறுது."

"ஆமாக்கா. அது ஹஸன்னு எனக்கும் தெரியும்" என்றான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "தெரிஞ்சும் ஏன்டா வேணாங்கற?"

"நான் எப்பக்கா ஹதீஸ வச்சு வேணாம்னு சொன்னேன்? நீதான் ஹதீஸக் கொண்டு வந்த. நான் அது சரியில்லன்னேன். அவ்வளவுதானே? நான் வாக்கு கொடுத்துட்டேன்க்கா. நாளைக்கு அந்த மனுஷன் முகத்துல எப்படி முழிப்பேன்?"

ஒரு நாள் பூராவும் நான் போட்ட சண்டை வேறு, அவன் மனசில் இருந்தது வேறு. இதற்கு எந்த மதரஸாவுக்குப் போய் யாரைக் கேட்பது? அப்போதுதான் அந்தப் பெண் பேசினாள்.

"அத்தா, ஒண்ணு கேக்கணும். கன்னிப் பொண்ணுகிட்ட சம்மதம் கேக்காம நிக்காஹ் பண்ணி வைக்கக் கூடாதுன்னு ஒரு ஹதீஸ் இருக்குல்ல. அது என்ன தரம்?"

தம்பி அவளைப் பார்த்தான். பிறகு தன் காலில் காய்ந்துகொண்டிருந்த சேற்றைப் பார்த்தான். அவனுக்கும் பொய் வராது, அதில் அவன் அத்தாவின் பிள்ளை.

"ஸஹீஹ்" என்றான். பிறகு, "கேட்டு, அவ மௌனமா இருந்தா அதுவே சம்மதம்னும் அதுலதாம்மா இருக்கு" என்றான்.

"தெரியும் அத்தா. நீங்க இன்னும் கேக்கல. கேக்கும்போது பயத்துல வாயடைச்சுப் போயிட்டா சம்மதம்னு ஆயிடும். அதான் முன்னாடியே பேசிட்டேன். எனக்குப் படிக்கணும் அத்தா."

அடுப்படியில் தம்பி மனைவி கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. தம்பி கொல்லைப் பக்கம் போய்க் கால் கழுவினான், தொழுகைக்கு ஒளு செய்தான், மாலை அஸர் தொழப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவன் யாரிடமும் சரியாகப் பேசவில்லை என்று தம்பி மனைவி போனில் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை மனசு கேட்காமல் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தம்பி இஸ்திரி போட்ட சட்டையோடு, மகளின் சான்றிதழ்ப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றான். "ஒரத்தநாடு பஸ்ஸு இந்நேரத்துக்கு இருக்காக்கா?" என்றான், ஏதோ தினமும் போய்வருகிறவன் மாதிரி. அந்தச் சிநேகிதரிடம் என்ன சொன்னான், எப்படிச் சொன்னான், அவர் என்ன நினைத்தார்? இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் வரவில்லை. பஸ் வந்ததும் அவன் ஏறி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "போயிட்டு வர்றோம்க்கா. சீனா இல்ல, ஒரத்தநாடுதான்" என்றான். அவன் கண் கலங்கியிருந்ததா, எனக்குத்தான் கலங்கியிருந்ததா என்று தெரியவில்லை.

அவள் இப்போது மாட்டுக்கு ஊசி போடுகிறாள். லீவில் வரும்போது தெரு ஆடுகள் எல்லாம் அவள் வீட்டு வாசலில் நிற்கின்றன. என் குழப்பம் மட்டும் முழுதாகத் தீரவில்லை. தேறாத ஒரு வாக்கியம் எப்படி ஒரு பெண்ணைப் படிக்க வைத்தது, தேறிய ஒரு வாக்கியத்தை எப்படி இவ்வளவு நாள் எங்களில் ஒருவரும் நினைத்தே பார்க்கவில்லை என்று யோசித்தால் இப்போதும் எனக்கு விடை வருவதில்லை.

பிள்ளைகள் படிப்பை நிறுத்தப் போகிறேன் என்று வந்து நின்றால், சீனாவுக்குப் போயாவது படிங்கம்மா என்று இப்போதும் சொல்கிறேன். முன்பெல்லாம் அதை நபிகள் நாயகம் சொன்னதாகச் சொல்வேன். இப்போது எங்க அத்தா சொன்னாங்க என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். ஞாபகமறதிக்காரர் சொன்னதுதான், ஆனாலும் அவர் சொன்னார் என்பதற்கு, பக்கத்தில் நின்று காதால் கேட்ட நானே சாட்சி.