படிக்காமல் விட்ட வரி

ஸ்கேன் படத்தை மாமனார் குவார்ட்டர்ஸ் சமையலறை ஜன்னலில் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. முந்திரிக்கொட்டை வடிவில் சிறுநீரகம், அதன் வளைவில் சுண்டல்கடலை போல ஒரு கட்டி. "இத்தனூண்டு. இதுக்கா வூடே அழுவுது?" என்றார்.

நெய்வேலி சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத இயந்திரங்களைப் பழுதுபார்த்தவர் அவர். மேல்மண்ணை மொத்தமாக அகற்றிவிட்டுக் கரியை எடுப்பதைப் பார்த்தே வாழ்ந்தவருக்கு, திறந்து செய்யும் அறுவைதான் மனதுக்குப் பட்டது. "ஓட்ட போட்டுக் கரி எடுத்தவன் எவனாவது இருக்கானாம்மா?" என்று என்னைச் சீண்டினார். புதுச்சேரி மருத்துவர் இரண்டையும் விளக்கினார். சிறு துளைகள் போட்டுக் கேமரா வழியே செய்தால் வலி குறைவு, சீக்கிரம் நடக்கலாம். விலாவுக்குக் கீழே ஒரு சாண் கீறினால் ஆற நாளாகும், ஆனால் கை நேராக உள்ளே போகும். எப்படிச் செய்தாலும் கட்டியை மட்டும் எடுத்து மீதியைக் காப்பாற்றவே பார்ப்போம் என்றார். நான் துளைதான் என்று பிடிவாதமாக நின்றேன். மாமனார் அரைமனதாகச் சம்மதித்தார்.

கணவர் ஷிப்டில் இருந்தார். இடுப்பில் ஏழு மாத மகளோடு ஒப்புதல் படிவத்தை நான்தான் மாமனாருக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். தேவைப்பட்டால் நடுவிலேயே திறக்க நேரலாம் என்ற வரியை மட்டும் விட்டுவிட்டேன். கேட்டால், முதலிலேயே திறக்கட்டும் என்பாரே என்ற பயம். அவர் கையெழுத்துப் போட்டார்.

அறுவையன்று திறக்கத்தான் வேண்டியிருந்தது. கட்டி ரத்தக்குழாயை ஒட்டியிருந்ததாம், ரத்தம் நிற்கவில்லையாம். தன் நுட்பமான வழியைக் கொஞ்சமும் தயங்காமல் கைவிட்டு, திறந்து, சிறுநீரகத்தையும் காப்பாற்றியிருந்தார் மருத்துவர். கைக்குட்டையால் முகம் துடைத்தபடி அவர் அதைச் சொன்னபோது எனக்குக் கும்பிடத் தோன்றியது. மாமனார் முகத்தில் எப்படி விழிப்பது என்றும் தோன்றியது.

மூன்றாம் நாள் ஒப்புக்கொண்டேன். "மாமா, ஒரு வரிய நான் படிக்கல."

விலாவில் போட்டிருந்த கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தெரியும்மா. மைன்ஸ்ல பர்மிட் பேப்பர் படிச்சிட்டுதான் மெஷின்ல கை வைப்போம். நெலம மாறுனா என்னா செய்யணும்னு ஒரு வரி இல்லாத பேப்பரே கெடையாது. நீ படிச்சதுல அது இல்ல. ஆப்ரேசன் அன்னிக்குக் காலைல டாக்டரையே கேட்டுக்கினேன். வேணும்னா தொறப்பேன்னு கூச்சப்படாம சொன்னாரு. அப்புறம் என்னா பயம்?" கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "அடுத்த வாட்டி முழுசா படி" என்றார்.

இப்போது பள்ளிக்குப் போகும் மகள் அதே படத்தை அதே ஜன்னலில் தூக்கிப் பிடிக்கிறாள். "தாத்தாவுக்கு வலிச்சுதாம்மா?" இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மாமனார் செய்தித்தாளைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார்.

வலித்தது என்றேன். எத்தனை நாள் என்பதையும் சொன்னேன்.