இராக்கம்மா வாங்காத சாவி

பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இராக்கம்மா இளவயதிலிருந்து கொழுந்து பறித்தவர். துரைமார் வந்தார்கள், போனார்கள். யாருக்கும் அவர் பயந்ததாகத் தகவல் இல்லை. நவம்பர் மழையில் மலை சரிந்து லயத்து வீடுகளை அள்ளிக்கொண்டு போனபோது கணவர் இராமையாவும் அதோடு போனார். அதன்பிறகு பாடசாலை மண்டபத்தில், மற்றக் குடும்பங்களுக்கு நடுவே ஒரு பாய்தான் அவருக்கு வீடு.

புது வீடு கட்டப் போனவர்கள் நாங்கள், பதுளைப் பள்ளிவாசல் குழு. பெரிய வேலைக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். தலைவர் நஸீருக்குத் துணிக்கடை, எனக்கு செல்போன் கடை. மேசன் புவாத் இல்லையென்றால் சுவர் எங்களைப் பார்த்துச் சிரித்திருக்கும்.

வேலை முடியும்போது நோன்பு மாதம். இராக்கம்மா தினமும் தேத்தண்ணி கொண்டுவருவார். "நோன்பு அக்கா" என்போம். பின்னேரம் நோன்பு திறக்கப் பள்ளிவாசலுக்கு இறங்கிவிடுவோம். தேத்தண்ணி ஆறிவிடும், அவர் ஆறமாட்டார்.

கடைசி நாள் நஸீர் சாவியை நீட்டினார். இராக்கம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வீடு கட்டுனவங்க வயிறு நெறையாம நாங்க குடி போறதில்லீங்க. ஒரு வாய்த் தண்ணியாச்சும் குடிச்சீங்களா? பிச்சை வாங்குன வீட்டுல நான் எப்படி இருக்கிறது?"

"பெருநாள் முடிஞ்சு வந்து சாப்பிடுறோம் அக்கா."

"அது வரைக்கும் சாவி ஒங்க பையிலயே இருக்கட்டும்."

நஸீர் என்னைப் பார்த்தார். நான் புவாத்தைப் பார்த்தேன். அன்று அங்கேயே நோன்பு திறப்பது என்று முடிவாயிற்று.

வாசலில் அடுப்பு மூட்டி, பாசிப்பயறு போட்டுக் கஞ்சி வைத்தார். அங்கே சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடும். போனதுதான் தாமதம், கோப்பைகளில் ஊற்றிவிட்டார்.

"பொழுது எறங்கிருச்சு, குடிங்க."

"மலைதான் மறைக்குது அக்கா. இன்னும் நேரமாகல்ல," என்றார் நஸீர்.

"எனக்கே சொல்றீங்களா? நான் இந்த மலையில பொறந்தவ!"

கையில் கஞ்சியோடு அரை மணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்திருந்தோம். தண்டனை என்றால் அதுதான் தண்டனை. அவர் எங்கள் வாயையே முறைத்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக நஸீரின் செல்போனில் நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது. குடித்தோம். சும்மா சொல்லக்கூடாது, உப்பு அதிகம். ஆனாலும் மறுபடி கேட்டு வாங்கிக் குடித்தோம். சட்டி காலியானதும் இராக்கம்மா சாவியை வாங்கினார், உள்ளே போனார், கதவைச் சாத்தினார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "என்ன விட்டுட்டுப் போயிட்டீங்களே..." இராமையாவை நினைத்த அழுகை.

"அந்த மண்டபத்துல அழக்கூட எடமில்லீங்க," என்றார் மண்டபத்தில் அவரோடு இருந்த அயல்வீட்டு நிரஞ்சலா. "ராவுல வாயப் பொத்திக்கிட்டே கெடக்கும்."

நாங்கள் கோப்பைகளைக் கழுவினோம். கழுவியதையே மறுபடியும் கழுவினோம். போய்வருகிறோம் என்று சொல்லக் கதவைத் தட்ட எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை.