நிலாவாரை கப்பலேறிய வருஷங்கள்

இலை வியாபாரம் என்றால் எல்லாரும் வாழை இலையையோ வெற்றிலையையோ நினைப்பார்கள். நான் பார்த்தது நிலாவாரை இலை வியாபாரம். எழுபதுகளின் கடைசியில் தூத்துக்குடி ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றுக்காகச் சங்கரன்கோவிலில் கிட்டங்கி, அதாவது சரக்குக் கிடங்கு வைத்து, சுற்றியுள்ள மானாவாரிக் காடுகளில் விளைந்த இலையை வாங்கிப் பொதி கட்டிக் கப்பலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். யாரோ எங்கேயோ எடுத்த முடிவுக்கு வாசலில் நின்று பதில் சொல்லும் உத்தியோகத்தில் நீங்களும் இருந்திருந்தால், என் பாடு உங்களுக்குப் புரியும்.

யாருக்கு மருந்து

சுடலைமுத்து அண்ணாச்சி மேலநீலிதநல்லூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கும் சம்சாரி. ஆடு மாடு வாய் வைக்காது, மழை குறைந்தாலும் தாங்கும் என்று கேள்விப்பட்டு, சோளக்காட்டின் ஒரு மூலையில் மட்டும் நிலாவாரை விதைத்திருந்தார். முதல் தடவை இலை கொண்டுவந்தபோது, வெள்ளைக்காரன் இதை என்ன செய்கிறான் என்று கேட்டார். மலச்சிக்கலுக்கு மருந்து என்றேன். வேளாவேளைக்கு நன்றாகச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு வயிறு கட்டிக்கொள்ளும் என்று விளக்கமும் சொன்னேன்.

அந்த வருஷம் மழை பொய்த்து, அவர் வீட்டில் ஒரு வேளைதான் உலை வைத்தார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சிரிக்காமல் சொன்னார்:

"இங்கன உள்ள போகதுக்கு வழியில்ல, அங்கன வெளிய போகதுக்கு வழியில்ல. நல்லாத்தான் இருக்கு தம்பி."

வேண்டுதல்

அதற்குப் பிறகு நல்ல வருஷங்கள் வந்தன. எவ்வளவு வந்தாலும் வாங்கு என்று தூத்துக்குடியிலிருந்து சொல்லிவிட்டார்கள். சுடலைமுத்து அண்ணாச்சி சோளத்தை விட்டுவிட்டுக் காடு முழுக்க நிலாவாரை போட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். ஓலைக்கூரைகள் ஓட்டுக்கூரைகளாயின.

கிட்டங்கியில் இலை பொறுக்கும் பெண்களுக்கும் வருஷம் முழுக்க வேலை இருந்தது. அவர்களில் மூத்தவள் பேச்சியம்மாள். புருஷன் இல்லை, ஒரே மகள். அந்தப் பிள்ளையை ஹைஸ்கூலில் சேர்த்திருந்தாள். இலைத் தூசி மூக்கில் ஏறி, முந்தானையால் வாயைக் கட்டிக்கொண்டு நாளெல்லாம் இருமுவாள். ஆடித் தபசுக்குக் கோமதியம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்தவளிடம், இருமல் தீரணும் என்று வேண்டிக்கொண்டாயா என்று கேட்டேன்.

"இல்ல அண்ணாச்சி. அந்த வெள்ளக்காரங்களுக்கு எப்பவும் வயிறு கட்டிக்கெடக்கணும்னு வேண்டிக்கிட்டேன்."

கிட்டங்கி வாசல்

ஒரு மாசி மாதம் தூத்துக்குடியிலிருந்து டிரங்க் கால் வந்தது. ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டில் இலை மலிவாகக் கிடைக்கிறதாம், இனி ஒரு பொதிகூட வாங்காதே என்றார்கள். ஊர்களுக்குச் சொல்லியனுப்புவதற்குள் வண்டிகள் கிளம்பிவிட்டன. கிட்டங்கிக் கதவை ஒருக்களித்து வைத்து, நான் வெளியே நின்றேன்.

முதல் வண்டி சுடலைமுத்து அண்ணாச்சியுடையது. பொதியைப் பிரித்து ஒரு கை இலையை அள்ளிக் காட்டினார். நிழலில் காயவைத்த பச்சை இலை, ஒரு பழுப்புகூட இல்லை. இலையில் குறையில்லை அண்ணாச்சி, வாங்குகிறவன்தான் இல்லை என்றேன். அள்ளிய இலையைப் பொதியிலேயே திரும்பப் போட்டுவிட்டு, வண்டியின் நுகத்தடியில் சாய்ந்துகொண்டார்.

"மழை பெய்யலன்னா வானத்தப் பாத்து ஏசுவேன். இப்ப எந்தப் பக்கம் பாத்து ஏச?"

பள்ளிக்கூடம்

பெண்களையும் நிறுத்தச் சொன்னார்கள். சில வாரம் கழித்துப் பேருந்து நிலையத்தில் பேச்சியம்மாளைப் பார்த்தேன். பக்கத்தில் மகள், கையில் தூக்குவாளி. தீப்பெட்டி ஆபீஸ் வண்டிக்காக நிற்கிறோம் என்றாள். அந்தப் பிள்ளை என்னைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றது. பரீட்சை வரைக்குமாவது அனுப்பியிருக்கலாமே என்று மெல்லச் சொன்னேன். பேச்சியம்மாள் மகளின் பின்னலைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்:

"எட்டாப்பு படிச்சிட்டாள்லா அண்ணாச்சி, தீப்பெட்டி ஒட்டதுக்கு அது போதும்."

மறுபடியும் ஆர்டர்

விற்காத இலை சுடலைமுத்து அண்ணாச்சியின் காட்டோரத்தில் குவிந்து கிடந்து மழையில் மக்கிப்போனது. சோளம் விதைக்காததால் தானியம் போட்டுவைக்கும் குலுக்கையும் காலி. உழவு மாடு இரண்டையும் விற்றுத்தான் அந்த வருஷத்தைச் சமாளித்தார்.

மறு வருஷம் தூத்துக்குடியிலிருந்து போன்: கிடைக்கிற இலையையெல்லாம் வாங்கு, விலையும் கூட்டிக் கொடு. பஸ் ஏறி அண்ணாச்சியின் காட்டுக்குப் போனேன். இரவல் மாட்டை வைத்து உழுதுகொண்டிருந்தார். செய்தியைச் சொன்னதும், சோளம்தான் போடப்போகிறேன் என்று அமைதியாகச் சொல்லிவிட்டார். பிறகு, திடீரென்று நம்ம இலை ஏன் வேண்டுமாம் என்று கேட்டார். ஆப்பிரிக்காவில் அந்த நாட்டில் மழையே இல்லையாம், காடெல்லாம் கருகிவிட்டதாம் என்றேன். கலப்பையை விட்டுவிட்டு இரவல் மாட்டின் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"அப்ப அங்கனயும் ஒருத்தன் மாட்ட வித்திருப்பான்."

ஏற்றுமதி கூடினால் நாடு வளரும் என்று ரேடியோவில் சொன்னது பொய்யில்லை, அந்த வளர்ச்சியை நானே கண்ணால் பார்த்தேன். அது நிலைக்குமா நிலைக்காதா என்பதை மட்டும், சங்கரன்கோவில் எந்தத் திசையில் இருக்கிறதென்று தெரியாத ஒருவர் கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து முடிவு செய்துகொண்டிருந்தார்.